கையில் தடவுவது நெஞ்சுக்கு எப்படிப் போகும்?

1

இந்தக் கதை ஒரு டேபிள் ஃபேனால் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால், கொண்டுவந்து ஒட்டவைத்தது போல இருக்கும்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் திண்டிவனத்தில் என் தோழி மலர்விழியின் வீட்டுக்குப் போயிருந்தேன். மார்கழிக் குளிர். அவள் வீட்டுக்காரர் பிரான்சிஸ் காதில் மஃப்ளரைச் சுற்றி, போர்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. போதாததற்கு எதிரில் ஒரு டேபிள் ஃபேன். அந்தக் காற்றில், மூலையில் வைத்திருந்த கிறிஸ்துமஸ் குடிலின் வைக்கோல் எல்லாம் பறந்துபோய்க் குழந்தை ஏசு வெறும் அட்டையில் படுத்திருந்தார்.

"என்ன அண்ணே, காய்ச்சலா?" என்றேன்.

"எனக்கு இன்னா காய்ச்சல்? உன் ஃபிரண்டுக்கு உள்ளுக்குள்ள அடுப்பு எரியுது சின்னபொண்ணு. அவ இருக்கறது திண்டிவனம், நான் இருக்கறது ஊட்டி. ஒரே வீடுதான்."

உள்ளேயிருந்து மலரின் குரல் வந்தது: "அந்த ஃபேன்மேல கைய வச்சீங்கன்னா தெரியும்!"

அன்றைக்கே இதைக் கதையாக எழுதுவது என்று முடிவு செய்தேன்.

(ஓரக்குறிப்பு: சின்னபொண்ணு நான்தான். வயது ஐம்பத்து மூன்று. பெயர் வைத்தவர்கள் இவ்வளவு தூரம் யோசிக்கவில்லை.)

எனக்குக் கதை எழுதிப் பழக்கமில்லை. கடிதம் எழுதித்தான் பழக்கம். வானொலிக்கு, பத்திரிகைக்கு, தெருவிளக்கு எரியாவிட்டால் நகராட்சிக்கு. கடிதத்துக்கு இடம், நாள், விளி, செய்தி, முடிப்பு என்று ஐந்து உறுப்புகள் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் தமிழம்மா சொல்லிக்கொடுத்தார். கதைக்கும் அது போதும் என்று நினைத்தேன். இடம்: திண்டிவனம், விழுப்புரம். நாள்: இந்த வருஷம். விளி: அன்புள்ள வாசகருக்கு. செய்தி: மலர். முடிப்பு: அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "மாதவிடாய் நின்ற பெண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைவதால்..."

விட்டுவிட்டேன். இதைப் படித்தால் எனக்கே மணியடித்து வகுப்பு முடியாதா என்று இருந்தது.

இரண்டாம் தொடக்கம்: "அன்று வானம் இருண்டு"

இதுவும் வேண்டாம். வானம் ஒன்றும் இருளவில்லை. நடந்தது பட்டப்பகலில், சத்துணவுக் கூடத்தில்.

மூன்றாம் தொடக்கம்: மலர் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது அவள் நெஞ்சிலிருந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து முகத்துக்கும் சூடு ஏறியது. கரண்டியைக் கீழே போட்டாள். குடிதண்ணீர்க் குடத்தை அப்படியே தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். தட்டோடு வரிசையில் நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் கைதட்டினார்கள். ஒன்றிரண்டு பேர் தங்களுக்கும் ஊற்றச் சொன்னார்கள்.

இந்தத் தொடக்கத்தை வைத்துக்கொள்ளலாம். சிரிக்கலாம்; அதே சமயம் கொதிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் ஒருத்தி தடுமாறினாள் என்பதையும் மறக்க முடியாது. மலர் அன்றைக்குத்தான் பயந்தாள். "அண்டா பக்கம் சாஞ்சிருந்தேன்னா என்ன ஆயிருக்கும்டி?" என்று போனில் கேட்டாள். விழுப்புரத்துக்கு டாக்டரைப் பார்க்கப் போகலாம் என்று நான் சொன்னேன்.

3

விழுப்புரத்து டாக்டரம்மா பொறுமைசாலி. எப்போது நின்றது, பிரஷர் உண்டா, சர்க்கரை உண்டா, காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா, மார்பில் கட்டி வந்திருக்கிறதா, வீட்டில் யாருக்கு மாரடைப்பு என்று எல்லாம் கேட்டார். ரத்தம் பார்த்தார், மார்பைப் படம் எடுத்தார். இரண்டாவது தடவை போனபோதுதான் மருந்து எழுதினார்.

"இது ஜெல். குறைஞ்சுபோன ஈஸ்ட்ரோஜன் இதுல இருக்கு. தினம் கையில தடவிக்கணும். உங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கறதால ராத்திரி ஒரு மாத்திரையும் சேர்த்துப் போடணும்."

"இத்தப் போட்டா ஹார்ட் அட்டாக் வரும்னு போன்ல ஒரு வீடியோவுல சொன்னாங்களே டாக்டர்?"

"அதே போன்ல, இதப் போட்டா ஹார்ட்டே புதுசாயிடும்னு இன்னொரு வீடியோவும் இருக்குமே, பார்க்கலையா? ரெண்டும் பாதி உண்மைதான். ஹார்ட்டுக்கு மருந்தா நான் இதக் குடுக்கல. உங்க உடம்புக் கொதிப்புக்குத்தான் குடுக்கறேன். நின்னு பத்து வருஷத்துக்குள்ள, அறுபது வயசுக்குள்ள, ரத்தக்குழாய் நல்லா இருக்கறப்ப ஆரம்பிச்சா ஆபத்து ரொம்பக் கம்மி. வயசாகி, குழாய்ல கொழுப்பு படிஞ்சப்புறம் ஆரம்பிச்சா கதை வேற. அடைப்புக்காக நெஞ்சுல ஸ்பிரிங் வச்சவங்களுக்கு இதக் குடுக்கவே மாட்டோம்."

"மாத்திரையாவே குடுத்துடக் கூடாதா? தடவுறதுன்னா பேஜாரு."

"ஈஸ்ட்ரோஜன மாத்திரையா முழுங்கினா கல்லீரல் வழியா போகும், ரத்தம் உறையற ஆபத்து கொஞ்சம் கூடும். தோல் வழியா போனா அது குறைவுன்னு இதுவரைக்கும் தெரியுது. அதனாலதான் ஜெல்."

'கதை வேற' என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்துப்போனது. வரி தவறாமல் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டேனே தவிர, யாருடைய கதை என்று அப்போது யோசிக்கவில்லை.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் மலருக்குக் கொதிப்பு அடங்கியது. பிரான்சிஸ் அண்ணன் மஃப்ளரைக் கழற்றினார். சாம்பார் அண்டா பத்திரமாக இருந்தது. கதை முடிந்தது என்று நினைத்து அடியில் கோடுகூடப் போட்டுவிட்டேன்.

4

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தது.

சவுரியம்மாள் அக்கா. பிரான்சிஸின் கூடப்பிறந்த அக்கா, மலருக்கு நாத்தனார். மலர் "அண்ணி" என்று கூப்பிடுவாள். வயது அறுபத்தாறு. விழுப்புரம் ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம் வீடு. டாக்டரிடம் போகும்போதெல்லாம் நாங்கள் சாப்பிட்டதும் சாய்ந்ததும் அங்கேதான். கதையில் அவரை ஒரே பத்தியில் முடித்துவிட நினைத்திருந்தேன். சோறு போட்டார், வழியனுப்பினார், அவ்வளவுதான். ஆனால் அவர் பத்திக்குள் அடங்குகிற ஆள் இல்லை.

மலர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருவருக்கும் ஒரு வழக்கம். எது வந்தாலும் பாதி. மல்லாட்டை மூட்டை வந்தால் கடலை பாதி. பலாப்பழம் பாதி. ஒருத்திக்குப் புடவை எடுத்தால் அதே கடையில் அதே ரகத்தில் இன்னொருத்திக்கும். தலைவலி மாத்திரைப் பட்டையைக்கூடக் கத்தரிக்கோலால் நடுவில் வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வார்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் ஒரே குடை விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்ததாம்.

(ஓரக்குறிப்பு: குடை எங்கே இருந்தாலும் மழை இன்னொரு ஊரில்தான் பெய்தது என்கிறார் பிரான்சிஸ் அண்ணன்.)

மலர் ஜெல் தடவ ஆரம்பித்தாள் என்று சொன்னேன் அல்லவா? வாசகரே, நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர் என்றால் இப்போதே நெற்றியில் கை வைத்திருப்பீர்கள். எனக்கு அது தோன்றவில்லை. வழக்கங்களை அழகாக அடுக்கி எழுதிவிட்டு, அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

5

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு. நாற்பது நாள் கறி கிடையாது என்பதால் அன்றைக்குச் சவுரி அக்கா வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு. எழுதியவரைக்கும் இருவருக்கும் படித்துக்காட்டலாம் என்று தாள்களைக் கொண்டுபோயிருந்தேன். சர்ச்சில் பூசை முடிந்து வந்து, சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, படிக்க ஆரம்பித்தேன்.

குடத்தைக் கவிழ்த்த இடத்தில் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். டாக்டரம்மா பேசுகிற இடம் வந்தது. "நெஞ்சுல ஸ்பிரிங் வச்சவங்களுக்கு இதக் குடுக்கவே மாட்டோம்" என்று படித்தேன். சிரிப்பு நின்றது.

"சின்னபொண்ணு, அந்த வரிய அடிச்சிடு."

"எந்த வரி அக்கா?"

"ஸ்பிரிங் வரி. கதைக்கு ஒட்டல."

என் எழுத்தைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் விமர்சனம் அது. மகிழ்ச்சியாகப் பேனாவை எடுத்து அடித்துவிட்டேன்.

[இங்கே ஒரு வரி அடிக்கப்பட்டது. ஆனால் மூன்றாம் பகுதியில் நீங்கள் அதைப் படித்துவிட்டீர்கள். திரும்ப எழுதியதன் காரணம் இதோ வருகிறது.]

மலரின் கையில் குழம்புக் கரண்டி அப்படியே நின்றது.

"அண்ணி, உங்களுக்கு ஸ்பிரிங் வச்சிருக்கு."

"வச்சிருக்கு. ரெண்டு வருஷம் ஆவுது. அதுக்கு இன்னா இப்ப? கறிய ஊத்து."

"நான் குடுத்தத தடவிக்கினுதானே இருக்கீங்க?"

அக்காவின் கண் சன்னலுக்குப் போனது. சன்னலில் ஒரு பழைய தைல டப்பா இருந்தது. மலர் எழுந்துபோய் அதைத் திறந்தாள். உள்ளே ஜெல். ஒவ்வொரு தடவை வரும்போதும் வழக்கம்போலப் பாதியைப் பிதுக்கிக் கொடுத்திருக்கிறாள். டாக்டர் சொன்னதை என்னோடு சேர்ந்து அவளும் கேட்டாள்தான். இதயத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் மாத்திரை முழுங்குகிறவர்களுக்கு, தடவுவது தைலக் கணக்கு என்று நினைத்துவிட்டாள். தைலம் வீட்டுக்குப் பொதுவானது. யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு தடவுவதில்லை.

"எனக்குத்தான் கர்ப்பப்பைய எடுத்து பதினெட்டு வருஷம் ஆச்சே, அந்த ராத்திரி மாத்திரை வேணாம்னுட்டேன்" என்றார் அக்கா. "வெறுமன தடவுறதுதானே? கையில தடவுறது நெஞ்சுக்கு எப்படிடி போவும்? நெத்தியில தைலம் தடவுனா நெத்தி வலி போவுது. முட்டியில தடவுனா முட்டி வலி போவுது. தடவுன எடத்துலதான் வேல செய்யும்."

"உங்களுக்கு வேர்வை எங்க நின்னுச்சி அண்ணி? கையில மட்டுமா?"

"இல்ல. மொத்தமா நின்னுச்சி."

"அப்ப கையில தடவுனது மொத்த உடம்புக்கும் போய்க்கினுதானே இருக்கு?"

சவுரி அக்கா தன் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கே கதவு ஏதாவது திறந்திருக்கிறதா என்று தேடுவது போல இருந்தது. பிறகு மெதுவாக, "ஜங்ஷன் மேம்பாலம் ஏறும்போது ரெண்டு தபா நெஞ்சு இறுக்கிப் புடிச்சிது. வாயுன்னு நெனச்சி சோடா குடிச்சேன்" என்றார்.

யாரும் கறியைத் தொடவில்லை.

6

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றோம். அக்கா மாட்டேன் என்றார்.

"சொன்னா புடுங்கிக்குவாங்கடி. பதினெட்டு வருஷமா ராத்திரி எழுந்து ஜாக்கெட் மாத்திக்கினு கெடந்தேன். பொங்கலுக்கு அப்புறந்தான் தூங்குறேன். மறுபடியும் கைய வெட்டி, கம்பிய வுட்டு, படம் எடுப்பானுங்க. நான் வர்றதில்ல."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. கையில் பேனா இருந்தது. "சரி அக்கா, நீங்க வரலன்னா கதையின் முடிவு இப்படித்தான்" என்று சொல்லி, அங்கேயே எழுதி உரக்கப் படித்தேன்.

முடிவு ஒன்று: "சவுரியம்மாள் மூன்றாம் முறையாக மேம்பாலம் ஏறினாள். பாதிப் படியில்"

"நிறுத்து!" என்றார் அக்கா. "ஏன்டி, என் வூட்டுல உக்காந்து, என் கறிக்கொழம்ப துன்னுக்கினே என்னிய சாவடிக்கிறியா? இத்த பத்திரிகையில வேற போடுவியா?"

"அப்ப நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எழுதிக்கோ. சவுரியம்மாள் நல்லா தூங்குனா. யாரும் அவள எழுப்பல. தூங்கிக்கினே இருந்தா."

எழுதினேன். படித்துப் பார்த்தேன்.

"அக்கா, இதுவும் முதல் முடிவுதான்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைய, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

அப்போது மலர் தன் கைப்பையிலிருந்த ஜெல்லை எடுத்துத் தைல டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இனிமே நானும் தடவ மாட்டேன்."

"உனக்கு இன்னாடி வந்துது? உனக்குத்தான் நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்குதே."

"வழக்கம்னா வழக்கந்தான் அண்ணி. நீங்க நெஞ்சு வலியோட இங்க ஒக்காருங்க, நான் சாம்பார் அண்டாகிட்ட போய் நிக்கிறேன். ஆளுக்குப் பாதி."

(ஓரக்குறிப்பு: இந்த இடத்தில் மலர் அழுதாள் என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "நான் அழல, எனக்குக் கொதிப்பு வந்துது" என்றாள். இரண்டும் நடந்திருக்கலாம்.)

சவுரி அக்கா ஜெல்லையும் டப்பாவையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "அண்டாகிட்ட தண்ணிக் குடம் ஒவ்வொரு தபாவும் பக்கத்துலயே இருக்குமா..." என்று தனக்குள் சொன்னார். பிறகு எழுந்து செருப்பைத் தேடினார்.

"ஆட்டோவக் கூப்புடுடி சின்னபொண்ணு. ஜல்தியா. குழம்ப மூடி வை, வந்து துன்னணும்."

7

அன்றைக்கு வந்து தின்னவில்லை. இதய டாக்டரின் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்து, ரத்தம் பார்த்து, மறுநாள் காலைவரைக்கும் வைத்துக்கொண்டார்கள். மாரடைப்பு இல்லை என்றார்கள். மாத்திரை ஒன்றைக் கூட்டினார்கள். நடக்கவைத்துப் பார்க்கும் பரிசோதனைக்கு ஒரு தேதி கொடுத்தார்கள். ஜெல்லை அன்றோடு நிறுத்தச் சொன்னார்கள்.

நான் அந்த இதய டாக்டரிடம், "நெஞ்சு இறுக்கினது இந்த ஜெல்லாலதானா டாக்டர்?" என்று கேட்டேன். கதைக்கு ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது.

"அதனாலதான்னும் சொல்ல முடியாது, அதனால இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார். "அவங்க குழாய்ல அடைப்பு ஏற்கெனவே இருந்தது. அதனால இந்த மருந்து அவங்களுக்கு இல்ல. அவ்வளவுதான்."

கதை எழுதுகிறவளுக்கு இது பெரிய ஏமாற்றம்.

டாக்டரம்மாவையும் போய்ப் பார்த்தோம். திட்டுவார் என்று பயந்த அக்கா, வாசலிலேயே "தெரியாம தடவிட்டேங்க" என்று ஆரம்பித்துவிட்டார். அவர் திட்டவில்லை. ஹார்மோன் இல்லாத வேறு மருந்து இருக்கிறது, இதய டாக்டரிடம் கலந்துகொண்டு தருகிறேன் என்றார். மலர் தயங்கித் தயங்கி, "நானும் நிறுத்திடட்டுமா டாக்டர்?" என்று கேட்டாள்.

"நீங்க ஏன் நிறுத்தணும்? வருஷா வருஷம் வந்து பார்த்துக்கங்க. பிரிச்சுக் குடுக்கறத மட்டும் நிறுத்துங்க."

வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "ஒரே மருந்து. ஒருத்திக்கு ஆவுது, ஒருத்திக்கு ஆவல. இத்த எப்படிடி எழுதுவ?"

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். மருந்து நல்லது என்று ஒரு முடிவும், கெட்டது என்று ஒரு முடிவும் எழுதி வைத்திருந்தேன், எது பொருந்துகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம் என்று. இரண்டும் பொருந்தின. ஒன்று திண்டிவனத்துக்கு, ஒன்று விழுப்புரத்துக்கு.

8

இப்போது பங்குனி. அந்தப் பரிசோதனை வருகிற வாரம். அதுவரைக்கும் தனியாக இருக்க வேண்டாம் என்று சவுரி அக்காவை மலர் திண்டிவனத்துக்கு அழைத்துவந்துவிட்டாள். நானும் வந்திருக்கிறேன். இந்தப் பகுதியை அவர்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, நடப்பதை அப்போதைக்கப்போது எழுதுகிறேன்.

மலர் குளித்துவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அவள் ஜெல் தடவுகிற நேரம் இது. அக்கா கதவுக்கு வெளியே நிற்கிறார். புது மருந்து இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. கழுத்தெல்லாம் வேர்வை.

"இன்னாடி கதவ சாத்திக்கினு தடவுற? நான் திருடியா?"

"இல்ல அண்ணி. நீங்க கேட்டா என்னால குடுக்காம இருக்க முடியாது. அதான் தாப்பா."

"கேக்க மாட்டேன், தொற."

"கேப்பீங்க."

"ஆமா, கேப்பேன்" என்கிறார் அக்கா, கொஞ்சம் யோசித்துவிட்டு.

இருவரும் சிரிக்கிறார்கள், கதவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. மலரின் கல்யாணத்திலிருந்து இவர்கள் பங்கிடாத முதல் பொருள் அந்த அறைக்குள் இருக்கிறது.

தாழ்ப்பாள் விலகுகிற சத்தம். "இந்தாங்க" என்கிறாள் மலர்.

இன்னொரு முடிவு: "மலர் மனம் கேளாமல் ஒரே ஒரு துளியை"

இல்லை. அடித்துவிடுகிறேன். அவள் கையில் இருப்பது டேபிள் ஃபேன். பிரான்சிஸ் அண்ணனைத் தொடவிடாத அதே ஃபேன். வயர் கால்களில் இழுபட, அதை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வருகிறாள். "இத்த முழுசா நீங்களே வச்சிக்குங்க. பாதி வேணாம்."

அக்கா அதை வாங்கி ஸ்டூலின் மேல் வைத்து, பிளக்கைச் சொருகி, போட்டுவிட்டார். கண்ணை மூடிக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு நிற்கிறார். மலர் பின்னால் சுவரோரம் உட்கார்ந்து ஜெல் காய்வதற்காகக் கைகளை நீட்டி வைத்திருக்கிறாள். அவளுக்கும் வேர்க்கத்தான் செய்கிறது, பங்குனி அல்லவா.

வருகிற வாரம் பரிசோதனையில் என்ன வரும், எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் அது பொய். நல்லபடியாக வரும் என்று உங்களுக்குத் தோன்றினால், அன்புள்ள வாசகரே, கீழே இடம் விட்டிருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கையெழுத்து நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

...................................................

ஒன்றை மட்டும் நான் எழுதிவிடுகிறேன், கண்ணெதிரில் நடப்பதால். சவுரி அக்கா கண்ணைத் திறந்து, திரும்பி மலரைப் பார்த்தார். ஃபேன் தலைக்குப் பின்னால் இருக்கும் குமிழை விரலால் அழுத்தினார். ஃபேன் மெல்லத் தலையை ஆட்ட ஆரம்பித்தது. அக்காவிடமிருந்து மலர் பக்கம் போகிறது. மலரிடமிருந்து அக்கா பக்கம் வருகிறது. நடுவில் ஒவ்வொரு தடவையும் என் மேலும் அடித்து, இந்தத் தாளைத் தூக்கப் பார்க்கிறது. ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான்